இருபத்தெட்டு நாள் குளிசை

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் ஒரு நாளில் ஆகக் கூடுதலாகச் சொல்வது "இன்னும் வரவில்லை" என்பதைத்தான். அதற்கு அடுத்தபடி, "அது என்ர கையில இல்லை" என்பதை.

லண்டன் மோர்டனில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். மன்னாரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். மருந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கடையில் தந்த சின்னப் பயிற்சியும், எங்கள் பார்மசிஸ்ட் கிரேஸ் பக்கத்தில் நின்று சொல்லித் தந்ததும்தான். கிரேஸ் கானா நாட்டுப் பிள்ளை, என் மூத்த மகளின் வயது. அவர்களுடைய நாட்டிலும் வயதில் மூத்தவர்களை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்களாம். அதனால் நான் அங்கே ரீற்றா அன்ரி. காலையில் கடைக் கதவைத் திறக்கும்போது ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுவேன். மத்தியானம் வரைக்கும் அது தாங்கும்.

நாரி நோ, முழங்கால் நோ, தோள்மூட்டு நோ என்று மாதாமாதம் வெறும் பையோடு வந்து அதே வெறும் பையோடு திரும்பிப் போகிற என் சகோதரங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். டொக்டர் எழுதுகிற மருந்துத் துண்டு கொம்பியூட்டரில் எங்களுக்கு வரும். நாட்பட்ட நோவுக்கான மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, என்றால் நாலு கிழமைக்கு, இருபத்தெட்டு நாளுக்கு வரும். இருபத்தெட்டாம் நாள் திரும்பவும் முதலில் இருந்து. ஏன் மூன்று மாதத்துக்கு ஒரேயடியாகத் தரக்கூடாது என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நானும் கேட்டவள்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆட்களை மாற்றவில்லை.

நாலாம் கிழமையும் ஐந்தாம் கிழமையும்

பிலோமினா அக்கா எங்கள் கோயில் பங்கு ஆள். எழுபத்தொரு வயது. மகனோடு இருக்கிறார். இடுப்புக்குப் பின்னால் நாரியில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரை இறங்குகிற நரம்பு நோ. ஆறு வருடமாக எங்களிடம்தான் குளிசை எடுக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை விமான ரிக்கெற்றைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, செபப் புத்தகத்தைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

விஷயம் இதுதான். அக்காவின் தங்கச்சி காலமாகிவிட்டார். அந்தத் தங்கச்சியின் மகனுக்கு மன்னாரில் குருப்பட்டம். பட்டம் கொடுக்கிற பூசையில் புதுக் குருவானவருக்குரிய திருவுடையைத் தாய்தான் பீடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். தாய் இல்லாத அந்தப் பிள்ளை, பெரியம்மாவைக் கேட்டிருக்கிறது. பூட்டிக் கிடக்கிற தங்கச்சி வீட்டை ஒரு மாதம் முந்திப் போய்த் திறக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், சமையலுக்கு ஆள் பிடிக்க வேண்டும். எல்லாமாக எட்டுக் கிழமைப் பயணம். பட்டம் ஐந்தாம் கிழமை. குளிசையோ நாலாம் கிழமையோடு முடிந்துவிடும். குளிசை இல்லாமல் அக்காவுக்கு மூன்று படி ஏற ஏலாது. இரண்டு மணித்தியாலப் பூசையில் நிற்கிற கதையே இல்லை.

அங்கேயும் மருந்துக்கடை இருக்குதுதானே என்று கேட்டுப் பார்த்தேன். முந்தி ஒருமுறை போனபோது குளிசை முடிந்து, அங்கே வேறு ஏதோ கொடுத்தார்களாம். அதைப் போட்டுவிட்டுத் திருநாள் பூசையில் அக்கா நல்ல நித்திரை. தட்டி எழுப்பித்தான் நற்கருணை கொடுத்தார்களாம். இந்த முறை கையில் திருவுடையோடு நித்திரை கொள்ள முடியாது.

எட்டுக் கிழமைக்கு வேண்டுமென்றால் டொக்டர்தான் எழுத வேண்டும், இது கட்டுப்பாட்டோடு கொடுக்கிற குளிசை, கிரேஸ் நினைத்தாலும் ஒன்றைக்கூடக் கூட்டித் தர ஏலாது என்று விளங்கப்படுத்தினேன். டொக்டரின் கிளினிக்கான சேர்ஜரிக்குக் கொடுக்கிற படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஆண்டவர் அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் குடுத்தவர். உனக்கு ஒரு இருபத்தெட்டை ஐம்பத்தாறாக்க ஏலாதோ?"

சிவராசா அண்ணையின் பூனை

சிவராசா அண்ணை பெற்றோல் ஸ்டேஷனில் இருபது வருடம் ஷிப்ட் அடித்து ஓய்ந்தவர். தோள்மூட்டு நோ. இருபத்தெட்டு நாள் குளிசைக்கு இருபதாம் நாளே வந்து நிற்பார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். முதல்முறை குளிசைப் போத்தல் குசினித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அடுத்தமுறை பேரன் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் அடித்துவிட்டான். மூன்றாம் முறை பூனை உருட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கிழமை அவருடைய மனைவி இருமல் மருந்துக்கு வந்தபோது, பூனைக்கு என்ன பெயர் என்று சும்மா கேட்டேன். வீட்டில் பூனையே இல்லையாம். அண்ணைக்குப் பூனை மயிர் ஒத்துவராதாம்.

அடுத்த மாதம் கிரேஸ் அவரைப் பக்கத்து அறையில் இருத்தி, கூடுதலாகப் போடுகிறாரோ என்று பயந்து, மெதுவாக விசாரித்தாள். நான்தான் தமிழில் கேட்டேன். இல்லையாம். ஒரு நாளும் அளவுக்கு மிஞ்சிப் போட்டதில்லையாம். எல்லாம் அலுமாரியில் இருக்கிறதாம், திகதிப்படி அடுக்கி. கிரேஸுக்கு விளங்கவில்லை. எனக்கு அவர் வாயைத் திறக்க முந்தியே விளங்கிவிட்டது.

"தங்கச்சி, ஊரில சண்டை நேரம் சங்கக்கடையில பனடோல்கூட இல்லாத காலத்தைப் பார்த்த மனுசன் நான். அலுமாரியில இருக்கிறதைக் குளிசையெண்டு எண்ணாதேங்கோ, அது என்ர நித்திரை."

புது வலியும் பழைய வலியும்

கார்த்திக் சென்னைப் பிள்ளை. கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை. நாற்காலியில் இருந்து இருந்தே முப்பத்தைந்து வயதில் முதுகு போய்விட்டது. அவருக்குக் கொம்பனி தனியார் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறது. மூன்று மாதக் குளிசையை அதில் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று அட்டையை நீட்டினார். எங்களிடம் அந்த அட்டைக்கு ஒரு வழியும் இல்லை, இன்சூரன்ஸ்காரரைத்தான் கேளுங்கள் என்றேன். அங்கேயே நின்று போனைப் போட்டார். பாட்டு ஓடியது. நான் நாலு பேருக்கு மருந்து கொடுத்து முடித்தேன், பாட்டு இன்னும் ஓடியது.

காத்திருக்கிற கதிரையில் பிலோமினா அக்காவும் இருந்தார். சேர்ஜரிப் படிவத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் மகன் பயண இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறானாம், குளிசை முடிந்தால் அவர்கள் வாங்கித் தருவார்கள் என்று சொன்னானாம். அந்தக் கடதாசிக் கட்டைக் கைப்பையில் இருந்து எடுத்தார். கார்த்திக் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அக்காவுக்காக அதை வாசித்தார். நல்ல பிள்ளை. ஏழாம் பக்கத்தில் கண்டுபிடித்தார்: ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்குரிய வழக்கமான மருந்தைப் பயணி தானே கொண்டுபோக வேண்டும். அக்காவின் முகம் சுருங்கிப் போனது. அந்த நேரம் பார்த்து கார்த்திக்கின் பாட்டும் நின்றது, யாரோ கதைத்தார்கள், அவர் இரண்டு முறை "ஓகே" என்றார், வைத்துவிட்டார்.

"அம்மா, எனக்கும் இதையேதான் சொல்றாங்க. வலி புதுசா வந்தா பாத்துப்பாங்களாம், பழசாயிட்டா கிடையாதாம். எனக்கு டெய்லி காலையில புதுசாத்தாம்மா வலிக்குது."

கடைக்குள் இருந்தவள்

இதை எழுதத்தான் வேண்டும். எனக்கும் முழங்காலில் தேய்மானம். எனக்கும் மாதக் குளிசை இருக்கிறது. அக்காவின் படிவம், சிவராசா அண்ணையின் பூனை, கார்த்திக்கின் அட்டை என்று திரிந்த அந்த மாதத்தில் என்னுடையதைக் கேட்க மறந்துபோனேன். ஒரு சனிக்கிழமை செவன் கிங்ஸில் இருக்கிற என் இரண்டாவது மகள் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றேன். ஏன் ஏறவில்லை என்று கேட்டாள். பொய் சொல்லப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன்.

"அம்மா, லண்டனில குளிசைக் கடைக்குள்ளேயே நிண்டுகொண்டு குளிசை இல்லாமல் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்."

ஐஸ்கிறீம் பெட்டி

சேர்ஜரியின் பதில் வராமல் பத்து நாள் போய்விட்டது. புதன்கிழமைச் செபமாலையில், மாதா சபைப் பெண்களிடம், பிலோமினா அக்காவுக்கு எட்டுக் கிழமைக் குளிசை கிடைக்க வேண்டும் என்று செபிக்கக் கேட்டேன். செபிக்கத்தான் கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் சனத்தைத் தெரியும்தானே. ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அவருடைய பெட்டிக்குள் தைலமும் பனடோலும் வைக்காமல் அனுப்ப எங்களுக்குக் கைவராது.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனால், தேத்தண்ணி மேசையில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி. நிறையக் குளிசை. ஒவ்வொருவரும் தங்கள் அலுமாரியைத் தட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து ஒரு அம்மா இரண்டு ரெயில் மாறி, காலமாகிப்போன கணவரின் குளிசைகளைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். "அவர் போடாமல் விட்டது, இன்னொருத்தருக்கு உதவட்டும்" என்றார். பிலோமினா அக்கா பெட்டியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருடம் கவுண்டரில் நின்றவள், ஒருவருக்கு எழுதிய மருந்து மற்றவருக்கு ஆகாது என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்கிறவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு அன்பைப் பெட்டியோடு திருப்பிக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. கிரேஸிடம் காட்டி நல்லதைப் பிரித்தெடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கிரேஸ் பெட்டியைத் திறந்தாள். கையுறை போட்டு ஒவ்வொரு பட்டையாக எடுத்து வைத்தாள். பதினொரு பேரின் பெயர். நாலு விதமான அளவு. பாதிக்கு மேல் திகதி முடிந்தது. ஒரு பெட்டியில் நாயின் படம் இருந்தது. யாரோ வீட்டு நாயின் மூட்டு நோவுக்குக் கொடுத்தது. அவள் என்னை ஏசவில்லை. எல்லாவற்றையும் அழிக்க அனுப்புகிற நீலத் தொட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு, மாதாமாதம் கேட்டு வாங்கிவிட்டுப் போடாமல் வைத்த குளிசைகள் இவ்வளவு என்று வெறும் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவள் இங்கிலிசில் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"அன்ரி, இருபத்தெட்டு நாளுக்கு மேல் ஏன் தருகிறார்கள் இல்லை என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறீர்களே, அதற்குப் பதில் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது."

சுகம், டொக்டர்

பெட்டி போய்விட்டது என்று அக்காவிடம் சொல்ல வேண்டிய அதே நாளில் சேர்ஜரியின் பதிலும் வந்தது. போனில் வந்த செய்தியை அக்கா வாசிக்கச் சொல்லித் தந்தார். நோ நல்ல கட்டுப்பாட்டில் இருப்பதாகப் போன பரிசோதனையில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், கூடுதல் மருந்துக்கான காரணம் விளங்கவில்லை, டொக்டரோடு வந்து கதைக்கவும் என்று இருந்தது. பயணத்துக்குப் பன்னிரண்டு நாள்.

அப்படியா சொன்னீர்கள் என்று கேட்டேன். ஓமாம். டொக்டர் எப்படிச் சுகம் என்று கேட்டாராம், இவர் சுகம் என்றாராம். ஒரு படித்த மனுசன் மரியாதைக்குச் சுகம் கேட்கும்போது எப்படி இல்லையென்று சொல்வது? அதுவும் ஆறு வருடமாக, ஒவ்வொரு முறையும், நல்ல சீலை உடுத்து, வாசலில் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். டொக்டர் பாவமாம், எத்தனை நோயாளியைப் பார்க்கிற மனுசன், தானும் போய் அழக்கூடாதாம். சிரிக்காதீர்கள், வாசிக்கிற நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். நானும்.

மகனுக்கு வேலை. அதனால் என்னுடைய அரைநாள் லீவில், கடைக்காரியாக இல்லாமல் பங்குக்காரியாக, தமிழ் சொல்ல நான் கூடப் போனேன். ஊன்றுகோலை வாசலில் விடாமல் உள்ளே கொண்டுவர வைப்பது மட்டும்தான் என் திட்டம். டொக்டர் எங்கள் பிள்ளைகளின் வயது, களைத்த முகம். எப்படிச் சுகம் என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து இருந்து, புன்னகையோடு, என்னுடைய தமிழ் உதவி தேவையில்லாமல் இங்கிலிசிலேயே சொன்னார்: சுகம் டொக்டர், கடவுள் கிருபை. டொக்டரின் விரல் கொம்பியூட்டரில் தட்டத் தொடங்கியது. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

மொழிபெயர்க்க வந்தவள் தன் கதையைச் சொல்லக்கூடாது, அது எனக்குத் தெரியும். அதனால் டொக்டரிடம், அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கலாமோ என்று அனுமதி கேட்டேன். கேளுங்கள் என்றார். "அக்கா, இண்டைக்குக் காலமை சப்பாத்து எப்பிடிப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அக்கா சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். குனிய ஏலாது. மகன் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போக முந்திப் போட்டுவிட்டுப் போவான். பின்னேரம் அவன் வந்து கழற்றும் வரைக்கும், வீட்டுக்குள்ளேயும் சப்பாத்தோடுதான். படுத்தாலும் சப்பாத்தோடுதான். ஒவ்வொரு வசனமாக நான் இங்கிலிசில் சொன்னேன். டொக்டர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

குளிசையை ஒவ்வொரு நாளும் போடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா கைப்பைக்குள் இருந்து செபமாலை வைக்கிற சின்னத் தகரப் பேணியை எடுத்துத் திறந்தார். செபமாலையைத் தூக்கினால் அடியில் குளிசைகள். ரிக்கெற் எடுத்த நாளில் இருந்து, தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறமாதிரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிசையை விட்டிருக்கிறார். ஐந்தாம் கிழமைக்குச் சேர்த்ததாம். எனக்கும் சொல்லவில்லை. நினைத்த நேரம் விட்டு விட்டுப் போடுவது இந்தக் குளிசைக்குக் கூடாது, சேர்த்ததைக் கடையில் கொடுத்துவிட்டு ஒழுங்காகப் போடுங்கள் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, இந்த ஒருமுறைக்கு மட்டும், எட்டுக் கிழமைக்கு எழுதினார். விமான நிலையத்தில் காட்ட ஒரு கடிதமும் தந்தார். அவர் பழைய குறிப்பை அழித்துப் புதிதாக ஏதோ நீளமாக எழுதியதை நான் கண்டேன். வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தோம். அக்கா தகரப் பேணியை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

"பிள்ளை, இவ்வளவு நாளும் நோவெண்டு ஆண்டவரிட்ட மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தனான். அவர் மருந்துத் துண்டு எழுதமாட்டார் எண்டதை மறந்துபோனன்."

திரும்பி வந்தவர்

எட்டுக் கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வெயிலில் கறுத்து, கையில் பனங்கட்டிப் பொட்டலத்தோடு பிலோமினா அக்கா கடைக்கு வந்தார். போனில் படம் காட்டினார். கோயில் நிறையச் சனம், நடுப்பாதை, மடித்த திருவுடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்கா நடக்கிறார். ஊன்றுகோல் இல்லை. மூன்று படியும் ஏறினாராம். புதுச் சுவாமி முதல் ஆசீர்வாதத்தை அவருக்குத்தான் கொடுத்தாராம். கிரேஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் மூக்கைத் துடைத்தாள். நான் கவுண்டரிலேயே துடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பிழை விட்டேன். பழக்கதோசத்தில், "வேறென்னக்கா, சுகம்தானே?" என்று கேட்டுவிட்டேன். அக்கா ஊன்றுகோலைக் கவுண்டரில் கொளுவி, வடிவாக நின்றுகொண்டு தொடங்கினார். சுகமில்லை. நாரி விமானத்தில் பிடித்தது. இடது கால் விறைக்கிறது, முந்தி பெருவிரல் வரைக்கும், இப்போது இரண்டாவது விரலுக்கும். வலது பக்கம் நோவில்லை, ஆனால் வரப்போகிறது என்று தெரிகிறது. நித்திரை நாலு மணித்தியாலம். வயிற்றுப் பக்கம் வேறு கதை. பின்னால் ஆறு பேர் வரிசையில். கார்த்திக் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். நான் இடைவெளி பார்த்துக் கொஞ்சம் அவசரப்படுத்தப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், அலுமாரியைத் துப்புரவாக்கி, திருப்பிக் கொடுக்க ஒரு பை நிறையப் பழைய குளிசையோடு சிவராசா அண்ணை நின்றார்.

"தங்கச்சி, அவவுக்கு உண்மையைச் சொல்லப் பழக்கினது நீங்கள்தானே. இப்ப நிண்டு கேளுங்கோ."

ஆக, பதினாறு வருடம் கவுண்டரில் நின்று நான் படித்தது இவ்வளவுதான்: நோவை மறைக்கிறவருக்கு இருபத்தெட்டு நாள் குளிசை, உள்ளதைச் சொல்கிறவருக்கு ஐம்பத்தாறு நாள், அதை முழுக்க நின்று கேட்கிறவளுக்கு முழங்கால் நோ.